இடறலும் வீழ்ச்சியும்: விவிலியக் கிரேக்க வினைச்சொல் ஒன்றின் வரலாறு

முன்னுரை

சமய நூல்களில் வழங்கும் சொற்களின் பொருள் வரலாற்றை ஆராய்வது மொழியியலாளருக்கு மட்டும் உரிய பணி அன்று. ஒரு சொல்லுக்கு ஒரு காலத்தில் கொள்ளப்பட்ட பொருள், அந்நூலைத் திருமறையாகப் போற்றும் மக்களின் நீதியுணர்வையும், பிற சமூகத்தாரோடு அவர்கள் கொள்ளும் உறவையும் உருவாக்கும் ஆற்றல் உடையது. ‘இடறினான்’ என்று கூறுவதற்கும் ‘பாவம் செய்தான்’ என்று கூறுவதற்கும் இடையில் உள்ள வேறுபாடு மேலோட்டமாகப் பார்ப்பார்க்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆயின், முன்னது வழியில் நடந்துகொண்டிருப்பவனைப் பற்றிய கூற்று; பின்னது தீர்ப்புப் பெற்றவனைப் பற்றிய கூற்று.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ‘ப்தாயோ’ என்னும் வினைச்சொல்லை இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. கால் தடுக்குதல், இடறுதல் என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். புதிய ஏற்பாட்டில் இது நான்கு வசனங்களில் ஐந்து முறை மட்டுமே வருகிறது: ரோமர் 11:11, யாக்கோபு 2:10, யாக்கோபு 3:2 (இருமுறை), 2 பேதுரு 1:10. இதிலிருந்து பிறந்த ‘அப்தாயிஸ்தோஸ்’, அதாவது ‘இடறாத’ என்னும் எதிர்மறைப் பெயரடை, யூதா நிருபத்தின் 24ஆம் வசனத்தில் ஒருமுறை வருகிறது. இவ்வளவு அருகி வழங்கிய ஒரு சொல், மனிதன் குற்றமற்றவனாக வாழ இயலுமா என்னும் வினாவிலும், ஓர் இனம் இறைவனால் கைவிடப்பட்டதா என்னும் வினாவிலும் இடம்பெற்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, இச்சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு கையாண்டனர் என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒருபொருள் குறித்த பல சொற்கள்

விவிலியக் கிரேக்கத்தில் பாவத்தைக் குறிக்கும் பொதுச்சொல் ‘ஹமர்த்தியா’. அதன் வினைவடிவம் ‘ஹமர்த்தானோ’. இக்குடும்பச் சொற்கள் புதிய ஏற்பாட்டில் 200 முறைக்கு மேல் வருகின்றன. ஹோமரின் இலியட் காப்பியத்தில் எறிந்த ஈட்டி குறி தவறுவதை இவ்வினை குறிக்கிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு, பாவம் என்பது ‘குறி தவறுதலே’ என்று விளக்கும் வழக்கம் சமயச் சொற்பொழிவுகளில் பரவலாக உள்ளது. இவ்விளக்கம் கேட்பதற்கு இனிது. ஆயின் ஆய்வு நெறிக்கு முழுதும் உடன்பட்டதன்று. ஒரு சொல்லின் பழைய வேர்ப்பொருளை அதன் பிற்கால வழக்கின் மேல் ஏற்றுவது பிழை என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலிய மொழிப் பொருண்மையியல் பற்றிய நூலில் விரிவாக நிறுவினார். பவுல் ‘ஹமர்த்தியா’ என்று எழுதியபோது எந்த ஈட்டியையும் நினைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அவ்வாறாயின் ‘ப்தாயோ’ என்பதற்கு மட்டும் ‘கால் இடறுதல்’ என்னும் உருவகத்தை வலியுறுத்துவது முறையாகுமா என்னும் ஐயம் எழும். இதற்கு விடையை வேரில் தேடாமல் வழக்கில் தேடுதல் வேண்டும். உருவகம் உயிரோடு இருக்கிறதா, இறந்துவிட்டதா என்பதை அச்சொல்லைச் சூழ்ந்துள்ள பிற சொற்களே காட்டும். வீழ்தல், வழி, நுழைவாயில், கடிவாளம் முதலியன அருகே நிற்குமாயின் அங்கு உருவகம் உயிர்ப்புடன் உள்ளது எனக் கொள்ளலாம். இவ்வளவுகோலைக் கொண்டே பின்வரும் சான்றுகள் நோக்கப்படுகின்றன.

‘ப்தாயோ’வுக்கு நெருங்கிய உறவுடைய வேறிரு சொற்களையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். ‘புரொஸ்கொப்தோ’ என்பது கல் முதலியவற்றின்மீது மோதுதலைக் குறிப்பது. ‘ஸ்கந்தலிஸோ’ என்பது பிறரை இடறச் செய்தல். இதன் அடியாகிய ‘ஸ்கந்தலொன்’ கண்ணிப்பொறியோடு தொடர்புடையது. முன்னது மோதலையும் பின்னது இடறலுக்குக் காரணமானதையும் சுட்ட, ‘ப்தாயோ’ இடறுபவனின் செயலையே சுட்டுகிறது.

2. செவ்வியல் கிரேக்க வழக்கு

செனோபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், கால் மூட்டுகள் நன்கு வளையும் குதிரை இடறுவது குறைவு என்று கூறுமிடத்தில் ‘அப்தாயிஸ்தோஸ்’ என்னும் சொல்லின் ஒப்பீட்டு வடிவத்தை ஆள்கிறார். இங்கு ஒழுக்கம் பற்றிய பேச்சே இல்லை. விலங்கின் நடையே பொருள்.

வரலாற்றாசிரியர்கள் இச்சொல்லை அரசியலுக்கும் போருக்கும் உரியதாக்கினர். கி.மு. 479இல் மிக்கேல் கடற்கரையில் பாரசீகரை எதிர்கொள்ளச் சென்ற கிரேக்கர், தாயகத்தில் பாரசீகத் தளபதி மர்தோனியஸ் மீது கிரேக்க நாடு இடறிவிடுமோ என அஞ்சியதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். துசிடிடீஸ் தம் முதல் நூலில் கொரிந்தியர் பேச்சாக அமைத்த பகுதியில், போரில் சினத்துக்கு ஆட்படுபவனின் தோல்வியை இதே வினையால் குறிக்கிறார். மக்கதோனிய மன்னன் பிலிப்பைப் பற்றி ஏதென்ஸ் மக்களிடம் பேசிய டெமொஸ்தெனீஸ், வெற்றி அவனுடைய குறைகளை மூடி மறைத்திருக்கிறது என்றும், அவன் சிறிது இடறினாலும் அவை அனைத்தும் வெளிப்பட்டுவிடும் என்றும் வாதிடுகிறார். அங்கும் இவ்வினையே வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய பொலிபியஸ் படைகளின் தோல்வியை இச்சொல்லாலும் இதன் பெயர்வடிவத்தாலும் குறிப்பது இயல்பான வழக்காகவே உள்ளது.

இவற்றிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இடறல் என்பது எப்போதும் சிறுபிழை அன்று. ஒரு படையின் பேரழிவும் இடறல் எனப்படும். ஆகவே ‘ப்தாயோ’ இலேசான தவற்றைக் குறிக்கும் சொல், ‘ஹமர்த்தானோ’ கொடிய பாவத்தைக் குறிக்கும் சொல் என்று பிரிப்பது பொருந்தாது. இரண்டாவது, இடறல் ஒரு நிகழ்வே அன்றி நிலை அன்று. இடறியவர் மீண்டும் எழக்கூடும், எழாமலும் போகக்கூடும். அதனை இவ்வினை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

3. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில்

எபிரேய மறைநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் பணி கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது. ‘எழுபதின்மர் மொழிபெயர்ப்பு’ என வழங்கும் இத்தொகுதியில் ‘ப்தாயோ’ போர்க்களத்தில்தான் முதன்மையாகக் காணப்படுகிறது. சாமுவேலின் முதலாம் புத்தகம் 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பெலிஸ்தருக்கு முன் ‘இடறுகின்றனர்’. களத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மடிகின்றனர். மூப்பர்கள் கூடி, ஆண்டவர் இன்று நம்மை ஏன் இடறச் செய்தார் என்று வினவும்போது அதே வினை பிறவினையாக ஆளப்படுகிறது. எபிரேயத்தில் இவ்விடங்களில் உள்ள வினைக்கு அடித்தல், முறியடித்தல் என்பன பொருள். மொழிபெயர்த்தோர் கிரேக்க வரலாற்று நூல்களின் வழக்கை அறிந்தே இச்சொல்லைத் தேர்ந்தனர் எனலாம்.

இதனினும் சிறப்பான சான்று, எருசலேம் ஆலய அர்ப்பணிப்பின்போது சாலொமோன் செய்த வேண்டுதலில் உள்ளது (1 இராஜாக்கள் 8:33). மக்கள் பாவம் செய்ததனால் பகைவர் முன் இடறுவார்கள்; பின்னர் மனந்திரும்பி வேண்டினால் மன்னிப்புப் பெறுவார்கள் என்பது அவ்வேண்டுதலின் கருத்து. இங்கு ‘ஹமர்த்தானோ’, ‘ப்தாயோ’ ஆகிய இரு வினைகளும் ஒரே வசனத்தில் வருகின்றன. பாவம் காரணமாகவும் இடறல் விளைவாகவும் நிற்கின்றன. அடுத்த படியாகத் திரும்பி வருதல் அமைகிறது. இரு சொற்களும் ஒருபொருட் கிளவிகள் அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடறலுக்குப் பின் திரும்பும் வழி திறந்திருக்கிறது என்னும் கருத்தும் இங்கே வேரூன்றுகிறது.

சீராக்கின் ஞான நூலில் இச்சொல் நட்பின் இலக்கணமாகவும் வருகிறது. நீ இடறினால் உன்னோடு சேர்ந்து வருந்துபவனையே துணையாகக் கொள் என்பது 37ஆம் அதிகாரம் தரும் அறிவுரை. இடறியவன் இங்கே தண்டனைக்கு உரியவனாக அன்றிப் பரிவுக்கு உரியவனாகக் காணப்படுகிறான்.

4. புதிய ஏற்பாட்டில்

யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் ஒரு காட்சியை முன்வைக்கிறது. வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பொன்மோதிரம் அணிந்த செல்வன் ஒருவனும் அழுக்காடை உடுத்த ஏழை ஒருவனும் வருகின்றனர். செல்வனுக்கு நல்ல இருக்கை தரப்படுகிறது. ஏழை நிற்கவோ, பிறர் காலடியில் அமரவோ ஏவப்படுகிறான். இத்தகைய பாரபட்சம் பாவம் என்று 9ஆம் வசனம் கூறுகிறது. அங்கு வருவது ‘ஹமர்த்தியா’. உடனடுத்த 10ஆம் வசனம், சட்டம் முழுவதையும் காத்து ஒன்றில் மட்டும் இடறியவன் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி ஆகிறான் என்கிறது. இங்கு வருவது ‘ப்தாயோ’. ‘பொறுப்பாளி’ என்பதற்கு ஆளப்பட்ட ‘எனோகொஸ்’ நீதிமன்றத்துக்கு உரிய சொல்.

ஆசிரியர் ஏன் சொல்லை மாற்றினார்? ஏழையை ஓரத்தில் நிறுத்தியோர் தம்மைக் கொலைஞராகவோ கள்வராகவோ கருதவில்லை. தாம் சட்டத்தின் பாதையில் ஒழுங்காக நடப்பதாகவே நம்பினர். அந்நம்பிக்கையை ஏற்பது போலத் தொடங்கி, நன்றாக நடப்பவனும் ஒரே ஒரு கல்லில் இடறினால் போதும் என்று ஆசிரியர் மடக்குகிறார். ஆகவே இவ்வசனத்தின் கண்டிப்பு, நொந்த மனத்தோடு தன் சிறுகுறைகளை எண்ணிக் கலங்குபவனை நோக்கியதன்று. ஏழையை அவமதித்துவிட்டு அதனைச் சிறுகுறை என்று எண்ணுபவனை நோக்கியது. சட்டத்தின் ஒருமையை இவ்வாறு வலியுறுத்துவது அக்கால யூத மரபுக்கும் உடன்பட்டதே. சிறியதில் மீறுவதும் பெரியதில் மீறுவதும் நிகரே என்று எலெயாசர் என்னும் முதியவர் அந்தியோகஸ் மன்னன் முன் கூறுவதாக 4 மக்கபேயர் நூல் 5ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

3ஆம் அதிகாரத்தில் தொனி மாறுகிறது. நாம் எல்லாரும் பலவற்றில் இடறுகிறோம் என்று தன்மைப் பன்மையில் ஆசிரியர் தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். சொல்லில் இடறாதவன் நிறைவுற்றவன். அவன் தன் உடல் முழுவதையும் கடிவாளத்தால் அடக்க வல்லவன் என்று அவ்வசனம் நீள்கிறது. அடுத்த வசனம் குதிரையின் வாயில் இடும் கடிவாளத்தைப் பேசுகிறது. இடறலிலிருந்து கடிவாளத்துக்குக் கருத்து இயல்பாகச் செல்வதை நோக்கின், செனோபோன் காலத்துக் குதிரை நடை உருவகம் இங்கும் உயிரோடு இருப்பது விளங்கும்.

2 பேதுரு 1:10இலும் அவ்வாறே. நற்பண்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூறியபின், இவற்றைச் செய்வோர் ஒருபோதும் இடறார் என்று அந்நிருபம் உறுதி கூறுகிறது. அடுத்த வசனம் அரசினுள் நுழையும் வாயிலைக் குறிப்பிடுகிறது. வழி, இடறாத நடை, வாயில் என்று ஒரே காட்சி தொடர்கிறது. பாவமே செய்யமாட்டீர்கள் என்னும் வாக்குறுதியாக இதனைக் கொண்டால் அக்காட்சி குலைந்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் ஆழமான ஆட்சி ரோமர் 11:11இல் உள்ளது. கி.பி. 57ஐ ஒட்டிப் பவுல் எழுதிய இந்நிருபத்தின் 9 முதல் 11 வரையான அதிகாரங்கள், இயேசுவை ஏற்காத தம் இனத்தாரைப் பற்றிய மனவேதனையோடு எழுதப்பட்டவை. 9ஆம் அதிகார இறுதியில், ஏசாயா நூலின் உருவகத்தைக் கொண்டு, அவர்கள் இடறுகல்லில் மோதினர் என்கிறார். அங்கு வருவது ‘புரொஸ்கொப்தோ’. 11ஆம் அதிகாரத்தில், அவர்கள் விழுந்துபோவதற்காகவா இடறினார்கள் என்று வினவி, ஒருபோதும் இல்லை என்று தாமே விடை கூறுகிறார். இடறலுக்கு ‘ப்தாயோ’வும் வீழ்தலுக்கு ‘பிப்தோ’வும் ஆளப்படுகின்றன. இடறல் வேறு, வீழ்ச்சி வேறு என்பது இவ்வினாவின் உயிர்நிலை.

ஆயினும் இவ்வேறுபாட்டைப் பவுல் எல்லா இடங்களிலும் ஒரே சீராகப் பேணினார் என்று கூற இயலாது. அதே வசனத்தில் வரும் ‘பராப்தோமா’ என்னும் சொல் ‘பிப்தோ’வோடு உறவுடையது. 22ஆம் வசனத்தில் ‘விழுந்தவர்கள்’ என்றே ஒரு பிரிவினரைக் குறிப்பிடுகிறார். ஆகவே அவர் மறுப்பது எழவே இயலாத முடிவான வீழ்ச்சியை எனக் கொள்ளுதல் பொருந்தும். வெட்டப்பட்ட கிளைகள் தம் சொந்த ஒலிவ மரத்தில் மீண்டும் ஒட்டவைக்கப்படும் என்று அவர் தொடர்ந்து கூறுவது இதனை உறுதிப்படுத்துகிறது.

5. இலத்தீனும் பிற ஐரோப்பிய மொழிகளும்

எரோனிமுஸ் பெயரால் வழங்கும் இலத்தீன் ‘வுல்காத்தா’ மேலைத் திருச்சபையின் சிந்தனையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. நிருபங்களைத் திருத்தியவர் வேறொருவர் என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. இதில் ரோமர், யாக்கோபு ஆகிய நிருபங்களில் ‘ப்தாயோ’வுக்கு ‘ஒஃபெந்தெரே’ என்னும் வினை ஆளப்பட்டது. மோதுதல், இடறுதல் என்னும் பருப்பொருள் இதற்கும் உண்டு. ஆகவே இது மூலத்துக்கு அணுக்கமான பெயர்ப்பே. ஆனால் 2 பேதுருவில் ‘பெக்காரே’, அதாவது ‘பாவம் செய்தல்’ என்னும் வினை வந்து அமர்ந்தது. யூதா நிருபத்தில் ‘இடறாதவர்’ என்பது ‘பாவம் இன்றி’ என்றாயிற்று. வழியில் நடப்பவன் என்னும் காட்சி இவ்விரு இடங்களிலும் மறைந்தது.

பின்வந்த மொழிகளில் இம்மாற்றம் மேலும் வளர்ந்தது. லூத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பு 2 பேதுருவில் இடறலைப் பேணினாலும், யாக்கோபு 2:10இல் பாவம் செய்தல் என்னும் வினையையே இட்டது. 1611இல் வெளிவந்த ஆங்கில மன்னர் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, யாக்கோபு நிருபத்தில் இலத்தீன் ‘ஒஃபெந்தெரே’யின் வழிவந்த ஆங்கில வினையைக் கையாண்டது. அவ்வினை நாளடைவில் பிறர் மனத்தைப் புண்படுத்துதல் என்னும் பொருளுக்கு ஒதுங்கிவிட்டதால், இன்றைய வாசகர் அவ்வசனத்தில் இடறும் காலைக் காண்பதில்லை. அதே மொழிபெயர்ப்பு 2 பேதுருவிலும் யூதாவிலும் ‘விழுதல்’ என்னும் சொல்லை இட்டது. பவுல் பிரித்துக் காட்டிய இரண்டும் அங்கே ஒன்றாயின.

6. தனிமனிதன் முன் எழுந்த வினா

கி.பி. 415இல் அகஸ்தீன் வட ஆப்பிரிக்காவிலிருந்து பெத்லகேமில் வாழ்ந்த எரோனிமுசுக்கு யாக்கோபு 2:10 பற்றி ஒரு நீண்ட மடல் எழுதினார். ஒன்றில் தவறியவன் எல்லாவற்றிலும் குற்றவாளி எனின், எல்லாப் பாவங்களும் சமம் என்னும் ஸ்தோயிக்கரின் கொள்கையைத் திருமறை ஏற்கிறதா என்பது அவர் எழுப்பிய ஐயம். நீருக்கடியில் இருப்பவன் ஆழத்தில் கிடந்தாலும் மேற்பரப்பை அணுகினாலும் மூச்சுவிட இயலாதவனே என்று ஸ்தோயிக்கர் உவமை காட்டினர். அகஸ்தீன் இதனை ஏற்கவில்லை. அறத்தில் வளர்பவன் இருளிலிருந்து ஒளிக்குச் சிறிது சிறிதாக வருபவனைப் போன்றவன் என்பது அவர் கருத்து. சட்டம் முழுவதும் அன்பில் அடங்குவதால், ஒன்றில் தவறுபவன் எல்லாவற்றுக்கும் அடிப்படையான அன்புக்கு எதிராகவே தவறுகிறான் என்று அவர் அவ்வசனத்தை விளக்கினார். எரோனிமுஸ் இதற்கு விரிவான விடை எழுதவில்லை. அவர் 420இல் மறைந்த பின்னரே அகஸ்தீன் அம்மடலை வெளியிட்டார்.

யாக்கோபு 3:2க்கு வேறொரு வரலாறு உண்டு. மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ இயலும் என்னும் பெலாகியுசின் கொள்கையை 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. இறைவேண்டலில் பரிசுத்தர்கள் மன்னிப்புக் கேட்பது தமக்காக அன்று, பிறருக்காகவே என்ற வாதத்தை மறுக்க, யாக்கோபு பரிசுத்தராயிருந்தும் ‘எல்லாரும்’ என்று சேர்த்துக் கூறியதைச் சங்கம் எடுத்துக்காட்டியது. 16ஆம் நூற்றாண்டில் திரெந்து சங்கமும் 1547இல் வெளியிட்ட ஆணையில் இவ்வசனத்தை நினைவூட்டி, ஒவ்வொருவரும் இறைவனின் கண்டிப்பையும் கண்முன் கொள்ள வேண்டும் என்றது.

இவ்வாறு ஒரே நிருபத்தின் இரு வசனங்கள் இரு திசைகளில் இழுக்கப்பட்டன. ஒன்று இடறலின் கடுமையை உரைத்தது. மற்றொன்று இடறாதார் எவரும் இலர் என்றது. இரண்டையும் ‘பாவம்’ என்னும் ஒரே சொல்லால் படிப்பவர்க்கு, எல்லாரும் எல்லாவற்றிலும் குற்றவாளிகள் என்னும் நம்பிக்கையற்ற முடிவே எஞ்சும். இரண்டையும் ‘இடறல்’ எனப் படிப்பவர்க்கோ, பொறுப்பும் எழும் வாய்ப்பும் ஒருசேரப் புலனாகும்.

7. ஓர் இனத்தின் முன் எழுந்த வினா

ரோமர் 11:11இன் வரலாறு இதனினும் துயரமானது. இடறியவர் விழுந்துவிடவில்லை என்று பவுல் தெளிவாக மறுத்திருந்தும், பின்வந்த கிறித்தவ உலகம் யூதரை விழுந்துபோன இனமாகவே பெரிதும் கருதியது. 386–387இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூத வழக்கங்களுக்கு எதிராக நிகழ்த்திய கடுஞ்சொற்பொழிவுகள் அம்மனப்போக்குக்குச் சான்றாகும். 1230ஐ ஒட்டி ஸ்திராஸ்பூர்க் பேராலய வாயிலில் இரு பெண்ணுருவங்கள் செதுக்கப்பட்டன. திருச்சபையைக் குறிக்கும் உருவம் முடிசூடி நிமிர்ந்து நிற்கிறது. யூத சமயத்தைக் குறிக்கும் உருவமோ கண் கட்டப்பட்டு, முறிந்த ஈட்டியோடு தலைகவிழ்ந்து நிற்கிறது. கண் கட்டுண்டவள் இடறுவாள் என்பதை அச்சிற்பி அறிந்திருந்தான். அவள் விழவில்லை என்பதைப் பவுலிடமிருந்து அவன் கேட்டறியவில்லை எனலாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பிய யூதருள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் நாசி ஆட்சியால் கொல்லப்பட்டனர். அப்பேரழிவின் காரணங்கள் பல. அதனை ஒரு வசனத்தின் பிழைபட்ட வாசிப்போடு மட்டும் பிணைப்பது வரலாறாகாது. எனினும் நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட இழிவு, திருச்சபைகள் தம் மறைநூலை மீளப் படிக்கும் கட்டாயத்தைத் தோற்றுவித்தது. 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கை, யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டவராகவோ சபிக்கப்பட்டவராகவோ காட்டக்கூடாது என்று அறிவித்தது. அதற்கு அவ்வறிக்கை துணைக்கொண்டது ரோமர் 11ஆம் அதிகாரமே. இடறலை வீழ்ச்சியாக்காத பவுலின் வினாவும் விடையும் அவ்வதிகாரத்தின் நடுவிலேயே இருந்தன. மீண்டும் செவிமடுக்கப்படுவதற்கு அவை நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

8. தமிழ் மொழிபெயர்ப்பில்

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக 1714–1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் முயற்சியால் அச்சேறியது. பின்னர் பப்ரீசியஸ், இரேனியஸ் முதலியோரின் பெயர்ப்புகள் வந்தன. எச். பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்த பதிப்பே சீர்திருத்தத் திருச்சபைத் தமிழரிடையே இன்றளவும் பெருவழக்காக உள்ளது.

அப்பதிப்பில் ‘ஹமர்த்தியா’வுக்குப் ‘பாவம்’ என்னும் வடசொல் நிலைபெற்றது. ஆனால் ‘ப்தாயோ’ வரும் எந்த இடத்திலும் ‘பாவம்’ இடம்பெறவில்லை. ரோமர் 11:11இல் ‘இடறு’ என்னும் வினை. வீழ்தலுக்குத் தனியாக ‘விழு’. யாக்கோபின் இரு வசனங்களிலும் ‘தவறு’. 2 பேதுருவில் ‘இடறிவிழு’. யூதாவில் ‘வழுவு’. வுல்காத்தா இரு இடங்களில் இழந்த உருவகத்தை இப்பதிப்பு எல்லா இடங்களிலும் காத்துள்ளது. 2 பேதுருவில் இடறலையும் வீழ்தலையும் ஒரே தொடராக்கியது மட்டும், பவுலின் வேறுபாட்டை மனத்திற் கொண்டு நோக்குவார்க்குச் சிறு குறையாகத் தோன்றலாம்.

‘தவறு’ என்பது அருவமான பிழையைத்தானே குறிக்கிறது என்று வினவலாம். கால் தவறி விழுந்தான் என்னும் வழக்கு தமிழில் இன்றும் உயிரோடு உள்ளது. அப்பதிப்பே ரோமர் 9:33இல் ‘ஸ்கந்தலொன்’ ஆகிய பாறையைக் குறிக்கத் ‘தவறு’ என்னும் அடியைக் கையாள்வது, மொழிபெயர்த்தோர் அதன் பருப்பொருளை உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். ‘வழு’வும் அத்தகையதே. வழுக்குதலோடு இயைந்த இச்சொல்லைத்தான் தமிழ் இலக்கண மரபு மொழிப்பிழைக்குப் பெயராக்கியது. வழுவை வரையறுத்ததோடு நில்லாமல், தக்க காரணம் உள்ளவிடத்து அதனை அமைத்துக்கொள்ளும் ‘வழுவமைதி’யையும் அம்மரபு வகுத்தது.

யாக்கோபு 3:2 குறிக்கும் ‘சொல்லில் இடறல்’ என்பதற்குத் தமிழ் மாணவர் அறிந்த நேர்ச்சொல் ஒன்றும் உண்டு. திருக்குறள் அடக்கமுடைமை அதிகாரம் 127ஆம் குறளில் வரும் ‘சொல்லிழுக்கு’ என்பதே அது. இழுக்கு என்பதற்கு வழுக்கல், குற்றம் என்னும் இரு பொருளும் உண்டு. 415ஆம் குறள் ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லை வழுக்கு நிலத்தில் நடப்பார்க்கு உதவும் ஊன்றுகோலாகக் காண்கிறது. இவ்வொப்புமையால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது எனக் கொள்ளுதல் தவறு. நடத்தையை நடையாகவும் குற்றத்தைக் கால் தடுமாற்றமாகவும் காண்பது பல மொழிகளுக்கும் பொதுவான இயல்பு. அவ்வியல்பு தமிழில் முன்பே செழித்திருந்தமையால்தான் மொழிபெயர்த்தோர்க்குத் தக்க சொற்கள் கைகொடுத்தன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். ‘ப்தாயோ’ குற்றத்தின் அளவைக் கூறும் சொல் அன்று. படையின் அழிவும் நாவின் பிழையும் அதனுள் அடங்கும். அது பொறுப்பை நீக்கும் சொல்லும் அன்று. ஏழையை ஓரங்கட்டியவனை நோக்கி யாக்கோபு அதனைக் கடுமையாகவே ஆண்டார். ஆனால் அது இடறியவனை இடறிய இடத்திலேயே நிறுத்திவிடுவதில்லை. சாலொமோனின் வேண்டுதலில் திரும்பும் வழியும், சீராக்கின் நூலில் உடன்வருந்தும் நட்பும், ரோமர் நிருபத்தில் மீண்டும் ஒட்டவைக்கப்படும் கிளையும் அச்சொல்லை அடுத்தே நிற்கின்றன.

மொழிபெயர்ப்பில் ஒரு வினைச்சொல் மாறியதனால் மட்டுமே மக்கள் கொடியவராயினர் என்று கூறுவது மிகை. எனினும், இடறியவனை விழுந்தவன் என்றும், விழுந்தவனைப் பாவி என்றும் பெயரிடும் பழக்கத்துக்கு மொழி இடங்கொடுத்தது உண்மை. மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. இடறு, தவறு, வழுவு, இழுக்கு, பாவம் ஆகியவற்றை ஒரே வரிசையில் ஒருபொருட் பன்மொழியாக எழுதிப்போடுவது எளிது. அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தும் ஆசிரியர், சொற்பொருளோடு பிறரை மதிப்பிடும் முறையையும் கற்பிப்பவர் ஆகிறார்.